நாள் முழுக்க மலை ஏறி இறங்குறவங்களுக்கு எப்படி பிரஷர் வருது?

2025 ஜூன் 3, மஸ்கெலியா பக்கத்து தங்கச்சி ஒருத்தர் கேட்டது

அண்ணே, எங்கம்மாவுக்கு 52 வயசு, இன்னும் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கப் போறாங்க. ஒல்லியான ஆளு. இறைச்சி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தான். காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் மலையில தான் நிக்கிறாங்க. போன கிழமை பார்த்தா பிரஷர் 160க்கு 100ன்னு சொல்லி கிளினிக் கொப்பி போட்டுக் குடுத்துட்டாங்க. குண்டா இருக்கிறவங்களுக்கு, உக்காந்து வேலை செய்றவங்களுக்கு தானே இது வரும்? உடம்பை இவ்வளவு அசைக்கிறவங்களுக்கு எப்படி?

2025 ஜூன் 3, ராத்திரி 10.20

தங்கச்சி, நல்ல நேரத்துல கேட்டீங்க. நான் ஹட்டன் பக்கம், மரக்கறி லொறி ஓடுறேன், நுவரெலியாவுல ஏத்தி பேலியகொட மார்க்கெட்ல இறக்குறது. நேத்து தான் ஹெவி லைசன் புதுப்பிக்க மெடிக்கலுக்குப் போனேன். 168க்கு 102. பிரஷரைக் குறைச்சுக்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. 44 வயசு, ஒரு தலைவலி கூட கிடையாது. என் கணக்குக்கு இது எல்லாம் டென்ஷன். லீசிங் கட்டணும், டீசல் அடிக்கணும், மழையில ஒரு நாள் ரோடு மூடினா கோவா அழுகிப் போகும். உங்கம்மாவுக்கும் எடுத்த கொழுந்து நெறுவையில எடை காணலன்னா கங்காணி கத்துவாரு. டென்ஷன் தான், வேற ஒண்ணும் இல்ல.

2025 ஜூன் 5

டென்ஷன் தான்னு எழுதி ரெண்டு நாள் ஆகல, கொஞ்சம் பின்வாங்குறேன். கிளினிக்ல ஒரு நர்ஸ் மிஸ் நல்லா திட்டினாங்க. பஸ்ல இருந்து இறங்கி படி ஏறி மூச்சு வாங்க வந்து உக்காந்தவுடனே கையை நீட்டினேன், அதுவும் ஜேர்சியோட. அவங்க கழட்டச் சொன்னாங்க. நான் கையை மட்டும் மேல சுருட்டினேன், அதுவும் பிழையாம், சுருட்டின துணி கையை இறுக்குமாம். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும், முதுகு சாஞ்சிருக்கணும், கால் தரையில, கை நெஞ்சு உயரத்துக்கு, பேசக்கூடாது, மூத்திரம் முட்டிக்கிட்டு இருக்கக்கூடாது, அதுக்கு முந்தின அரை மணித்தியாலத்துல தேத்தண்ணியோ பொயிலையோ கூடாது. நான் இதுல ஒண்ணு கூட செஞ்சிருக்கல. ஒழுங்கா எடுத்தப்ப 152க்கு 96. கூட தான், ஆனா 168 இல்ல. நம்ம ஊர் குளிருக்கு நாலு உடுப்பு போட்டுக்கிட்டு போறோம், அதுக்கு மேலேயே பட்டியைச் சுத்தி எடுத்த நம்பரை நம்பி அழக்கூடாது, சந்தோஷமும் படக்கூடாது. குளிரே ரத்தக் குழாயைச் சுருக்கி பிரஷரை ஏத்தும்னும் சொன்னாங்க.

தங்கச்சி, அம்மாவுக்கு இன்னும் ரெண்டு மூணு நாள் வேற வேற நேரத்துல எடுத்துப் பாருங்க. ஆனா ஜேர்சியைக் காரணம் காட்டி கிளினிக்க விட்டுறாதீங்க.

2025 ஜூன் 8

ராத்திரி ஓட்டம் முடிஞ்சு வந்து எழுதுறேன். மகள் ஏ.எல். பயோ படிக்கிறா, போன்ல தேடி ஒண்ணு காட்டினா. 1997ல அமெரிக்காவுல 459 பேருக்கு வேற வேற மாதிரி சாப்பாடு குடுத்துப் பார்த்திருக்காங்க. மரக்கறி, பழம், கொழுப்பு கம்மியான பால் அதிகமா சாப்பிட்டவங்கள்ல ஏற்கெனவே பிரஷர் இருந்தவங்களுக்கு மேல் நம்பர் 11 அளவுக்கு இறங்கியிருக்கு. உப்பைக் குறைக்கவும் இல்ல, ஆளுங்க மெலியவும் இல்ல, சாப்பாட்டை மாத்தினது மட்டும் தான். மரக்கறியில உள்ள பொட்டாசியம் உப்பை மூத்திரத்துல தள்ளிவிடுமாம்.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. என் முதுகுக்குப் பின்னால ஐயாயிரம் கிலோ கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா, போஞ்சி. அதை அத்தனையும் கொழும்புக்காரன் திங்கிறான். நான் கினிகத்தேனையில ரெண்டு ரோல்ஸ், அவிசாவளையில பாணும் கட்டசம்பலும், மார்க்கெட்ல இறக்கி முடிச்சா ஒரு சோற்றுப் பார்சல், அதுல மரக்கறின்னா ஓரத்துல ஒரு கரண்டி பருப்பு. முழிச்சிருக்கிறதுக்கு வெத்தலையும் பொயிலையும். கிளீனர் தம்பி சொல்றான், “அண்ணே, நம்ம லொறிக்கு பிரஷர் இல்ல பாருங்க, அது மரக்கறி மட்டும் தான் சுமக்குது”ன்னு.

2025 ஜூன் 11

பிரஷருக்குக் குளிசை (மாத்திரை) ஆரம்பிச்சாச்சு. எனலாப்ரில். காசில்லாம கிளினிக்ல குடுத்தாங்க.

2025 ஜூன் 19

இன்னிக்கு ஒரு கணக்கு போட்டேன், போட்டதுல இருந்து மனசு சரியில்ல.

உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கம்மியா உப்பு, ஒரு தேக்கரண்டி மட்டு. எங்க வீட்டுல நாலு பேர், நான், வீட்டுக்காரி, அம்மா, மகள். ஜூன் 1ந் தேதி ஒரு கிலோ உப்பு பாக்கெட் உடைச்சோம். தேதி எப்படி ஞாபகம்னா, போன மாசம் நாடு முழுக்க உப்பு தட்டுப்பாடு வந்துச்சு இல்லையா, அதுக்குப் பிறகு நம்ம கடையில முதல் முதலா கெடச்ச பாக்கெட் அது, சீட்டு விழுந்த மாதிரி கொண்டு வந்தேன். இன்னிக்கு காலையில ரொட்டிக்கு மா பிசையிறப்ப முடிஞ்சிருச்சு. 18 நாள். ஆயிரத்தை 18ஆல பிரிச்சு நாலால பிரிச்சா ஆளுக்கு கிட்டத்தட்ட 14 கிராம். அதுவும் கிழமையில மூணு ராத்திரி நான் வீட்டுலயே இல்ல. அஞ்சு எங்க பதினாலு எங்க! அம்மா கேட்டாங்க, “உப்பில்லாம திங்கிறதுக்கு நாம என்ன மாடா”ன்னு. மாட்டுக்கே உப்புக்கட்டி குடுக்கிறாங்கம்மான்னு சொன்னேன், அதோட அந்தப் பேச்சு எனக்கு எதிராவே போயிருச்சு.

2025 ஜூன் 20

நேத்து எழுதின 14 பிழை. மன்னிச்சுக்குங்க.

வீட்டுக்காரி மலையில இருந்து வந்து இடுப்புல சுத்துற படங்குச் சாக்கை அவிழ்க்கிறப்ப பார்த்தேன், இடுப்புல ஒரு சின்ன துணி முடிச்சு. அட்டைக்கு உப்பு! மழைக்காலத்துல அட்டை ஏறாத காலு எங்க இருக்கு, சவர்க்காரம் பூசினாலும் ஒரு முடிச்சு உப்பு இல்லாம யாரும் மலைக்குப் போறதில்ல, இது எனக்குப் பொறந்ததுல இருந்து தெரியும், ஆனா கணக்குப் போடுறப்ப மூளைக்கு வரல. கடைத் தராசுல ஒரு முடிச்சை வச்சுப் பார்த்தா 60 கிராம். இந்த 18 நாள்ல நாலு முடிச்சு கட்டினாளாம், ஆக 240. பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு சிரட்டை கடன் குடுத்தது, சுமாரா 100 வைங்க. மிச்சம் 660. பிரிச்சா ஆளுக்கு 9 கிராம்.

மிச்சம் அஞ்சை நாங்க சாப்பிடல, அட்டை சாப்பிட்டிருக்கு. அட்டைக்கு தான் பிரஷர் பார்க்கணும்.

2025 ஜூன் 21

மகள் விடல. “அப்பா, ஒம்பதுன்னு சந்தோஷப்படாதீங்க, பாக்கெட்டுக்கு வெளியில இருந்து வர்ற உப்பு எங்கே?”ன்னா.

சரின்னு அடுக்களையைப் பார்த்தோம். கருவாடு, அதுல பத்து வீதத்துக்கு மேல உப்பு இருக்கிறது சர்வ சாதாரணம். சூப் கட்டி, அதுல பாதி உப்பு தான். சோயா மீட்டோட வர்ற மசாலா பொட்டலம், மாசி சம்பல், அச்சாறு, டின்மீன், பாண். இதெல்லாம் நம்ம உப்புப் போத்தலைத் தொடாமலே வயித்துக்குள்ள போகுது. பொட்டலத்துல சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட்டிருக்காங்களே, நான் இவ்வளவு நாளும் அது டிசைன்னு நெனச்சேன், உப்பு, சீனி, கொழுப்பு எவ்வளவுன்னு சொல்றதாம்.

இப்ப யோசிங்க, லயத்துல, இந்தத் தோட்டத்து வரிசை வீட்டுல, ஏன் இந்தச் சாப்பாடு? ஃப்ரிட்ஜ் இருக்கிற வீடு கம்மி, பச்சை மீன் மலைக்கு வர்றதுக்குள்ள விலையும் ஏறிரும், வாடையும் ஏறிரும், கருவாடு கெட்டுப் போகாது, ஒரு துண்டு இருந்தா ஒரு சட்டி சோறு இறங்கிரும். காலையில நாலரைக்கு எழும்பி பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் குடுக்க, ஓடுறவளுக்கு ரொட்டியும் சம்பலும் தான் கைக்கு வரும், சுருட்டிக் கட்டிக்கிட்டு போயிரலாம். ரொட்டி மாவுல உப்பு, சம்பல்ல உப்பு, தொட்டுக்க கருவாடு. ஒல்லியா இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தங்கச்சி, உங்கம்மாவைப் பத்தின கேள்விக்கு பாதி பதில் இதுன்னு நெனக்கிறேன். இறைச்சியையும் கொழுப்பையும் பார்த்து நாம பயந்துக்கிட்டு இருந்தோம், கருவாடு பின்பக்கத்தால வந்துருச்சு.

கருவாட்டை விட முடியாது, அது எனக்கும் தெரியும். துண்டு துண்டா வெட்டி சுடுதண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை ஊத்திட்டு இன்னொரு தண்ணியில கழுவி, பிறகு குழம்புக்குத் தனியா உப்பு போடாம வைக்கிறோம். முதல் தண்ணியை நாக்குல வச்சுப் பார்த்தேன், நீர்கொழும்பு கடல்ல வாய் வச்ச மாதிரி இருந்துச்சு.

2025 ஜூலை 2

இந்துப்பு போடலாமேன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. ரோஸ் கலரா இருந்தாலும் அதுவும் கிட்டத்தட்ட முழுக்க அதே உப்பு தான், விலை தான் வேற. ஐயடின் வேற இருக்காது.

இன்னொரு ஐயா, “வயசானா பிரஷர் ஏறத் தான் செய்யும், இயற்கை”ங்கிறார். 1988ல 32 நாட்டுல 52 இடத்துல மூத்திரத்தைச் சேர்த்து அதுல உப்பை அளந்து பார்த்து ஒரு பெரிய ஆராய்ச்சி வந்திருக்கு. அதுல அமேசன் காட்டுல இருக்கிற யானோமாமின்னு ஒரு சனம், உப்புன்னா என்னன்னே தெரியாத மாதிரி சாப்பிடுறவங்க, அவங்களோட சராசரி பிரஷர் சுமார் 96க்கு 61. வயசு ஏற ஏற அது ஏறவும் இல்ல. அவங்க வாழ்க்கை நம்மளது மாதிரி இல்ல, சரி தான். ஆனா இயற்கைன்னு சொல்லி கையைக் கழுவ முடியாது ஐயா.

2025 ஜூலை 6

புது பாக்கெட். மூடியில தேதி எழுதியாச்சு. அட்டை உப்புக்குத் தனி போத்தல். எனக்கு ஒரு கிழமையா வறட்டு இருமல், ராத்திரி ஓடுறப்ப தொண்டைக்குள்ள இறகு வச்சு கிள்ளுற மாதிரி. கிட்டுல்கல பக்கம் மழைக்காத்து பட்டதுன்னு நெனக்கிறேன். அம்மா அதிமதுரம் தட்டிப் போட்டு கசாயம் வச்சுத் தர்றாங்க, இனிப்பா நல்லா இருக்கு, ஃபிளாஸ்க்ல ஊத்தி லொறியிலயும் வச்சுக்கிறேன்.

2025 ஜூலை 14

நல்ல விஷயம் ஒண்ணு. சோடியம் கம்மியான உப்பு இருக்கு, சாதா உப்புல ஒரு பங்கை எடுத்துட்டு பொட்டாசியம் உப்பு கலந்தது. சீனாவுல 600 கிராமத்துல சுமார் 21,000 பேரை வச்சு அஞ்சு வருஷம் பார்த்து 2021ல வெளியிட்டிருக்காங்க, பாரிசவாதம் 14 வீதம் கொறஞ்சிருக்கு. ருசியும் அவ்வளவு மாறல. எல்லாரும் தேடி வாங்குங்க.

2025 ஜூலை 16

எல்லாரும் வாங்குங்கன்னு எழுதினதை வாபஸ் வாங்குறேன். கிளினிக் மிஸ்கிட்ட பெருமையா சொன்னேன், அவங்க முகம் மாறிருச்சு. கிட்னி பழுதானவங்களுக்கு பொட்டாசியம் வெளியில போகாது, ரத்தத்துல ஏறி நெஞ்சுத் துடிப்பையே கொழப்பிரும். எனலாப்ரில், லோசார்டன் மாதிரி குளிசை குடிக்கிறவங்களுக்கும் பொட்டாசியம் உடம்புல தங்கும், கேக்காம தொடக்கூடாது. எங்கம்மாவுக்கு பன்னெண்டு வருஷமா சுகர், கிட்னியும் கொஞ்சம் இழுப்பு. நான் அந்த உப்பைக் கொண்டு வந்து வச்சிருந்தா? சீனாவுலயும் கிட்னி வருத்தக்காரங்களைச் சேர்க்காம தான் செஞ்சிருக்காங்க, அந்த வரியை நான் வாசிக்கல. ரத்தம் சோதிச்சு டொக்டர் சரின்னா மட்டும் வாங்குங்க.

2025 ஜூலை 29

158க்கு 98.

உப்பைக் குறைச்சு, கருவாட்டைக் கழுவி, பார்சலை விட்டு, வீட்டுல இருந்து சோறும் கீரையும் கட்டிக்கிட்டு போயி, குளிசையும் ஒரு நாள் தவறாம குடிச்சு, கூடியிருக்கு. கணுக்காலு வேற வீங்கியிருக்கு, சொக்ஸ் கழட்டினா வளையம் தெரியுது. எனக்கு கோபமா வருது. நேத்து பேலியகொடையில ரெண்டு ரோல்ஸ் வாங்கித் தின்னேன், வீம்புக்கு.

2025 ஆகஸ்ட் 1

கேளுங்க, இது நான் எழுதினதுலயே முக்கியமானது.

டொக்டர் கேட்டார், குளிசையை விட்டு வேற என்ன குடிக்கிறீங்கன்னு. ஒண்ணும் இல்ல டொக்டர், கசாயம் தான்னேன். என்ன கசாயம்? அதிமதுரம், மூணு கிழமைக்கு மேல, ஒரு நாளைக்கு ஒரு ஃபிளாஸ்க். பேனையை வச்சிட்டு என்னையே பார்த்தார்.

அதிமதுரம் இனிக்கிறது எதனாலயோ அந்தச் சாமானே உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்குமாம், பிரஷரை ஏத்துமாம், காலு வீங்குமாம். இது மருத்துவத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய சங்கதியாம், எனக்குத் தெரியல, அம்மாவுக்கும் தெரியல. அதை விடக் கூத்து, அந்த இருமல் மழைக்காத்தால வந்ததே இல்ல. எனலாப்ரில் குடிக்கிற சிலருக்கு அப்படி வறட்டு இருமல் வரும். ஆக பிரஷருக்குக் குளிசை, குளிசையால இருமல், இருமலுக்குக் கசாயம், கசாயத்தால பிரஷர். நான் ரவுண்டபௌட்டுல மாட்டின லொறி மாதிரி ஒரு மாசமா அங்கேயே சுத்தியிருக்கேன்.

குளிசையை லோசார்டனுக்கு மாத்தினார், கசாயத்தை நிப்பாட்டியாச்சு. அம்மாவுக்கு முகம் சுண்டிப் போச்சு. அவங்க மேல என்ன பிழை, ரெண்டு நாள் தொண்டைக்குக் குடிச்சா ஒண்ணும் ஆகாது, ஃபிளாஸ்க் கணக்குல குடிச்சது நான். மல்லித்தண்ணி வச்சுத் தாங்கம்மான்னு கேட்டு வாங்கிக் குடிச்சேன்.

2025 ஆகஸ்ட் 3

நேத்து ராத்திரி வட்டவளை இறக்கத்துல திடீர்னு தங்கச்சியோட அம்மா ஞாபகம் வந்துச்சு. என்கிட்ட டொக்டர் கேட்ட அதே கேள்வியை உங்ககிட்ட கேக்கிறேன் தங்கச்சி, அம்மா வேற என்ன குளிசை குடிக்கிறாங்க? முதுகு வலிக்கு, முழங்கால் வலிக்கு?

2025 ஆகஸ்ட் 4

தங்கச்சி பதில் போட்டிருக்காங்க. மாசக்கணக்கா கடையில வாங்கி டைக்ளோஃபெனாக், சில நாள் ரெண்டு. ராத்திரி வலி தாங்கலன்னா தண்ணியில போட்டா பொங்குற பரசிட்டமோல்.

நான் டொக்டர் இல்ல, ஆனா கேட்டு வந்து சொல்றேன். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபன் இந்த ஜாதி வலிக்குளிசை எல்லாம் உப்பைப் பிடிச்சு வச்சு பிரஷரை ஏத்தும், பிரஷர் குளிசையோட வேலையையும் கெடுக்கும், கிட்னிக்கும் கூடாது. பொங்குற குளிசையில பொங்க வைக்கிறதுக்கே சோடியம் தான் போடுறாங்க, ஒண்ணுல ஒரு கிராம் உப்புக்குச் சமமா இருக்கும், சாதா பரசிட்டமோல்ல அது இல்ல. அம்மாவை மெரட்டாதீங்க. தலையில கயித்தைப் போட்டு முதுகுல கொழுந்து சுமந்து முப்பது வருஷம், வலி பொய் இல்ல. அந்தக் குளிசை அட்டையை அப்படியே கிளினிக்குக் கொண்டு போயி காட்டச் சொல்லுங்க, கடை ஒழுங்கையில வாங்கினதுன்னு வெக்கப்பட வேணாம்.

இப்ப உங்க கேள்வியோட மிச்சப் பாதி, மலை ஏறியும் ஏன்ங்கிறது. நாள் முழுக்க சரிவுல நின்னு சுமந்து முதுகு வளைஞ்சு செய்ற வேலையும், அரை மணித்தியாலம் கை வீசி நடந்துட்டு வந்து ஓய்வா உக்கார்றதும் உடம்புக்கு ஒண்ணு இல்ல. முன்னதுல தூக்கம் கொறையும், வலி கூடும், வலிக்கு குளிசை, பிறகு பழைய கதை. அசைவு நல்லது தான், அசைவு மட்டும் காப்பாத்தாது.

2025 ஆகஸ்ட் 5

ஒருத்தர், “எங்க மாமா தலை இடிச்சா மட்டும் குளிசை போடுவார், நல்லா தானே இருக்கார்”னு எழுதியிருக்கீங்க. 168ல எனக்கு ஒரு இடியும் இல்ல. மாமாவைத் தினமும் போடச் சொல்லுங்க, தானா நிப்பாட்டவும் வேணாம். வாய் கோணினா, ஒரு பக்கம் கை தூக்க முடியலன்னா, பேச்சு கொழறினா சுண்ணாம்பு தடவிக்கிட்டு நிக்காம 1990க்கு அடிங்க, அம்புலன்ஸுக்கு காசில்ல.

2025 ஆகஸ்ட் 18

பாக்கெட் முடிஞ்சது. ஜூலை 6ல இருந்து 43 நாள். ஆளுக்கு 6க்குக் கொஞ்சம் கம்மி. பாணும் கருவாடும் சேர்த்தா இன்னும் அஞ்சுக்கு மேல தான், தெரியும். முதல் ரெண்டு கிழமை சம்பல் மண்ணு மாதிரி இருந்துச்சு, தேசிக்காயும் பச்சை மிளகாயும் கூட்டிப் போட்டு சமாளிச்சோம். இப்ப என்னன்னா நேத்து தங்கச்சி வீட்டு விசேஷத்துல சாப்பிட்ட குழம்பு வாயில வைக்க முடியல, கடுகடுன்னு உப்பு. போன வருஷம் அதே குழம்பை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினவன் நான். (சொந்த தங்கச்சி, மஸ்கெலியா தங்கச்சி இல்ல.)

பொயிலையை விடல. கொறச்சிருக்கேன். வெத்தலை மட்டும் போடுறேன்னு சொல்லிட்டு கினிகத்தேனை தாண்டினவுடனே கை தானா பொட்டலத்துக்குப் போகுது, பொய் சொல்லி என்ன. லீவு நாள் அரை போத்தல் சாராயம் இப்ப மாசம் ஒருக்கா. ஆள் மூணு கிலோ கொறஞ்சிருக்கேன், ஒரு கிலோவுக்கு பிரஷர் ஒரு புள்ளி மட்டுல இறங்கும்னு சொல்றாங்க. தூக்கம் தான் ஒண்ணும் செய்ய முடியல, கோவா பகல்ல பயணம் போகாது.

2025 செப்டம்பர் 9

134க்கு 84, ஜேர்சி இல்லாம, அஞ்சு நிமிஷம் உக்காந்து. மெடிக்கல் பாஸ். கால் வீக்கம் போயிருச்சு, இருமலும் இல்ல. குளிசை தொடரும்.

டென்ஷன் தான் எல்லாம்னு ஜூன்ல எழுதினேனே, லீசிங் இன்னும் அப்படியே தான் இருக்கு.

2025 செப்டம்பர் 14

மஸ்கெலியா தங்கச்சி எழுதியிருக்காங்க, அம்மாவுக்கு வலிக்குளிசையை மாத்திக் குடுத்து, எண்ணெய் தடவி சுடுதண்ணி ஒத்தடம், பிரஷர் 144க்கு 90க்கு வந்திருக்காம். குளிசை ஒண்ணும் ஓடுது. நல்ல சேதி. ஆனா அம்மா கருவாட்டைக் கழுவ விடமாட்டேங்கிறாங்களாம், ருசி போகுதாம். தங்கச்சி, அவங்க மலைக்குப் போன பிறகு கழுவுங்க.

எங்க வீட்டுல அடுத்த உப்பு பாக்கெட் ஓடுது, மூடியில ஆகஸ்ட் 18ன்னு இருக்கு. அட்டைப் போத்தல்லயும் தேதி எழுதி வைன்னு வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், ஈரப் படங்கால அடிக்க வந்துட்டா.